கர்ப்பப்பை என்று சொல்லிவிட்டோம்

பொம்பளைக்கு ஆபரேஷன் என்றால் கர்ப்பப்பை என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆண்கள் உடனே வேறு பக்கம் பார்ப்பார்கள். பெண்கள் உச்சுக் கொட்டிவிட்டுத் தங்கள் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர் அன்பரசன். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். எதையும் கோர்வையாகச் சொல்ல வரும்.

எனக்கு நடந்தது வேறு. இரண்டாயிரத்து நான்காம் வருடம் தை மாதக் கடைசியில், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், என் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இழுத்துத் தைத்தார்கள். இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே வெட்டு. தோலைக் கீழே இழுத்ததால் தொப்புளுக்குப் புதிதாக ஓர் ஓட்டை போட்டு, அதைச் சுற்றியும் தையல்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். இரண்டாவதற்குப் பிறகு உடம்பு போட்டு, அப்புறம் நடையாய் நடந்து இளைத்தேன். எல்லா இடமும் இளைத்தது, வயிறு மட்டும் மடித்துப்போட்ட துண்டு மாதிரி தொங்கிவிட்டது. சித்திரை வைகாசி வந்தால் அந்த மடிப்புக்குள் வியர்த்து, புண்ணாகி, பவுடர் போட்டுப் போட்டுப் பார்த்தாயிற்று. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் எனக்கு உதவியாளர் வேலை. டவுன் பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். ஆபீஸர் என்ற மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் எங்கள் செக்‌ஷனில் ஒரு பெண்ணுக்கு, சாப்பாட்டு அறையிலேயே வளைகாப்பு மாதிரி ஒன்று வைத்தோம். வளையல் போட்டுக்கொண்டே வந்த ஓர் அம்மாள் என் கையையும் பிடித்து இரண்டு வளையலை ஏற்றிவிட்டு, "உனக்கு எத்தினாவது மாசம்மா?" என்றாள். எனக்கு முப்பத்தெட்டு வயது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த ஆபரேஷன்.

அன்பரசன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உன் ஒடம்பு, உன் இஷ்டம். ஆனா அக்காகிட்ட இன்னான்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அக்கா என்றால் ஆராயி அண்ணி. தாயில்லாத தம்பியை, ஊரார் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பி.எட். வரை படிக்க வைத்தவர். தண்டராம்பட்டுப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். புருஷன் இறந்து பத்து வருடம், ஒரே மகன் பெங்களூரில் கட்டட வேலை. அவர் முன்னால் போய், தொங்கின தோலை வெட்டிக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஊரே சிரிக்கும், அண்ணியும் சேர்ந்து சிரிப்பார் என்று பயந்தேன். அதனால் கர்ப்பப்பை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையே அண்ணி வந்து இறங்கிவிட்டார். ஒயர் கூடையில் பூண்டு, மிளகு, சுக்கு, நீளவாக்கில் கிழித்த பழைய நூல் புடவை. "ஒரு மண்டலம் நீ கட்டில வுட்டு எறங்கக் கூடாது எழிலு. ஆபீசு கீபீசுன்னு பேசின, கால ஒடிச்சிடுவேன்" என்றார். அப்போதே லேசாக மூச்சு வாங்கியது அவருக்கு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்த களைப்பு என்று நான் கவனிக்காமல் விட்டேன்.

பத்தியம் ஆரம்பமானது. முட்டை கூடாது, மீன் கூடாது, கறி என்ற பேச்சே கூடாது. பருப்பு சீழ் வைக்கும். உருளைக்கிழங்கு வாயு. கத்தரிக்காய் நமைச்சல். தண்ணீர் ஜாஸ்தி குடித்தால் புண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். இதெல்லாம் போக மிஞ்சியது மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, ஒரு கரண்டி குழைந்த சோறு. ஆபரேஷன் செய்த டாக்டர் என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் முதல் வரியே முட்டை. அந்தத் தாளை எப்படி அண்ணியிடம் காட்டுவது? கர்ப்பப்பை எடுத்தவளுக்கு எந்த ஊரில் முட்டை கொடுக்கிறார்கள் என்று கேட்பார். பட்டப்படிப்பு படித்தவள்தான் நான், இருந்தாலும் பருப்பு சீழ் வைக்கும் என்பதை நானும் பாதி நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட்டை அண்ணி கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். "இதுல இன்னா நிக்கும்?" என்று ஓரமாக வைத்துவிட்டு, கிழித்த புடவையை எடுத்து, பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுகிற மாதிரி மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினார். "கட்டாம வுட்டா வயிறு தொங்கிப்பூடும்டி. அப்பறம் காலத்துக்கும் அசிங்கம்" என்றார். என் வயிறு தொங்கிவிடக் கூடாது என்று அவர் பட்ட கவலையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது.

படுக்கையும் அப்படித்தான். முதுகுக்கு இரண்டு தலையணை, முழங்காலுக்கு அடியில் இரண்டு, உடம்பு மடங்கின வாக்கில் படுக்க வேண்டும், இரண்டு வாரம் குனிந்துதான் நடக்க வேண்டும், நிமிர்ந்தால் தையல் இழுக்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அண்ணி தலையணைகளை உருவிவிட்டார். "கூனிக்கினு படுத்தா கூனாவே கூடிக்கும். நேரா படு" என்றார். அவரும் என் கட்டிலுக்குக் கீழேயே பாயை விரித்துப் படுத்ததால் நான் அசையக்கூட வழியில்லை. நேராகப் படுத்தேன். இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவே பார்க்க வருகிறவர்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடிப் பை. உட்கார்ந்ததும் அவரவர் கர்ப்பப்பைக் கதை. எந்த மாசம் எடுத்தது, கட்டி எவ்வளவு பெரிசு, எடுத்த பிறகு எலும்பு எப்படித் தேய்ந்தது. "உனக்கு எதனால எடுத்தாங்க?" என்று ஒருத்தி கேட்டால், "கட்டி" என்பேன். அடுத்தவளிடமும் கட்டி என்று ஞாபகமாகச் சொல்ல வேண்டும். காயத்தைவிட அந்த ஞாபகம்தான் எனக்கு அலுப்பாக இருந்தது. அவர்கள் போன பிறகு அண்ணி பெருமூச்சு விட்டு, "பாவம்டி, எத்தினி பேருக்கு" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கட்டுப்புடவை நனைந்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், தையலின் நடுப்பகுதி கறுத்து, ஓரம் பிரிந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. அன்பரசன் பயந்துபோய் ஜோதியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் அரசாங்க நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில் வீடு. வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுவார். வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு, காயத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தார்.

"இது கர்ப்பப்ப தையல் இல்லியே" என்றார்.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சரி. நான் புண்ணத்தான் பாக்க வந்தேன், கதைய இல்ல" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினார். இரண்டு நாளில் கறுத்த தோல் கழன்று வந்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் நுழைகிற அளவுக்குக் குழி. தினமும் காலையில் உப்புநீரில் கழுவி, நனைத்த காஸ் துணியைக் குழிக்குள் வைத்து அடைத்து, மேலே பஞ்சு வைத்து ஒட்டிவிட்டுப் போவார். தைக்க முடியாது, அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூடினால்தான் உண்டு என்றார். அண்ணியை மட்டும் அந்த நேரத்தில் அறைக்குள் விடுவதில்லை. காற்றுப் படக் கூடாது, ஆள் நடமாட்டம் கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்தேன்.

இருபத்தைந்தாம் நாள் சென்னைக்குப் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சாப்பிடறீங்க?"

"ரசம் சாதம்."

"அதோட?"

"பூண்டுக் குழம்பு."

"வெட்டின எடத்துல புதுசா சதை வளரணும்மா. எதை வெச்சு வளரும், மிளகை வெச்சா?" என்றார். எப்படிப் படுக்கிறீர்கள், இடுப்பில் இந்தத் தழும்பு எதனால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நேராகப் படுப்பதையும் புடவைக் கட்டையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அன்பரசனைப் பார்த்து, "நீங்க வாத்தியாருன்னு சொன்னாங்களே" என்றார். இன்னும் மூன்று வாரத்தில் குழி சிறுக்காவிட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், இன்னொரு ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்த அன்று பௌர்ணமி. எங்களுக்கு நினைப்பே இல்லை. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ ஒன்றும் உள்ளே போகாது. சாயங்கால வெயிலில் கிரிவலம் போகிற கூட்டம் வெறுங்காலோடு எதிரே வந்துகொண்டிருக்க, நான் வயிற்றைப் பிடித்துக் குனிந்தபடி வீட்டை நோக்கி நடந்தேன். ஒரு பெண் என்னைப் பார்த்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இந்த நெலமையிலயும் மலையச் சுத்த வந்துகிறாங்க பாரு" என்று கூட இருந்தவளிடம் காட்டினாள். அண்ணாமலையாரே, என்னை மன்னித்துவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

"இன்னிக்கே அண்ணிகிட்ட சொல்லிடலாங்க" என்றேன் வழியில்.

"இன்னும் இருவது நாளு பொறுத்துக்கோ. மண்டலம் முடிஞ்சா அக்கா ஊருக்குப் போயிடும்" என்றார் அன்பரசன். அதுவரை என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் யோசனை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடையில் அவித்த முட்டை இரண்டு வாங்கி, சாப்பாட்டு டப்பாவில் மறைத்துக் கொண்டுவருவார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, உப்புக்கூட இல்லாமல் இரண்டையும் விழுங்கிவிட்டு வருவேன். தோலைப் பேப்பரில் சுற்றி அவர் பைக்குள் வைத்துவிடுவார். கலெக்டர் ஆபீஸில் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவள், கக்கூஸில் நின்று முட்டை தின்றேன். இப்படி ஒரு பிழைப்பு எதற்கு என்று தோன்றும்.

முட்டையோ என்னவோ, குழியின் அடியில் சிவப்பாகக் கொஞ்சம் புதுச் சதை தெரிகிறது என்று ஜோதியம்மாள் சொன்ன வாரத்தில்தான் அது நடந்தது. ஒருநாள் காலை, கட்டைப் பிரித்து வைத்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு மாடி. ஜோதியம்மாள் கையில் குறடும் துணியும். "யாராவது டார்ச்ச எடுத்துக்கினு வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். அவரும் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், வீட்டில் இருந்தது அண்ணி மட்டும்தான்.

அண்ணி டார்ச் அடித்துக்கொண்டு வந்து நின்றார். வெளிச்சம் என் வயிற்றில் விழுந்தது. குழி, அதன் இரண்டு பக்கமும் இடுப்பைச் சுற்றிப் போகிற சிவந்த கோடு, தொப்புளைச் சுற்றின தையல், எல்லாம்.

"இம்மாம் நீளமாவா வெட்டுவாங்க?" என்றார்.

ஜோதியம்மாள் குனிந்து துணியை நனைத்தார்.

"தொப்புளு இன்னா பண்ணுச்சி? அத ஏன் தெச்சிக்கீறாங்க?"

"உள்ள பாக்கறதுக்கு, அண்ணி" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது. ஜோதியம்மாள் அவசரமாக அடைத்து ஒட்டினார். அன்றைக்கு முழுக்க அண்ணி பேசவே இல்லை. காயத்தைப் பார்த்த அதிர்ச்சி, சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜோதியம்மாள் கட்டு மாற்றி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "உங்க நாத்தனார் நேத்து என்னத் தேடிக்கினு வூட்டுக்கு வந்துச்சி. பெரியாஸ்பத்திரி சீட்டு ஒண்ண மடியிலேர்ந்து எடுத்துக் காட்டுச்சி. அதுக்கும் கர்ப்பப்பையில கட்டி. மூணு வருசமா தீட்டு நிக்காம போவுதாம். ரத்தம் ஆறு கிராம்தான் இருக்குது. ரெண்டு பாட்டிலு ஏத்திட்டு எடுக்கணும்னு, வர்ற வியாழக்கிழமை அட்மிஷன் எழுதிக் குடுத்துக்கீறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவர் தம்பிக்கும் தெரியாது.

"இப்ப போவ மாட்டேங்குது" என்றார் ஜோதியம்மாள். "'படிச்சவ, மெட்ராஸ்ல பணம் கட்டி பண்ணிக்கினவ, அவளுக்கே வயிறு பொளந்துக்கினு கெடக்குது. எனக்கு இன்னா ஆவும்?'ன்னு கேக்குது. அந்த ஒடம்ப வெச்சிக்கினுதான் உங்களுக்கு வடிச்சிக் கொட்டிக்கினு இருக்குது. இப்பிடியே வுட்டா ஒருநாளு மயக்கமா வுழுந்து எழுந்திரிக்காது."

"நீங்க எடுத்துச் சொல்லலியாம்மா?"

"எல்லாருக்கும் இப்பிடி ஆவாதுன்னு சொன்னேன். நம்பல. நம்பறதுக்கு நான் இன்னொண்ணு சொல்லணும். அது நான் சொல்றது இல்ல" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகுதான் அண்ணியை நான் உற்றுப் பார்த்தேன். இத்தனை நாள் கண்ணெதிரே இருந்ததுதான். உதடு வெளுத்திருந்தது. குடத்தைத் தூக்கினால் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தார். கறுப்பு, கருநீலம் தவிர வேறு நிறத்தில் புடவை கட்டவில்லை. நான் என் ஒரு சாண் தோலைப் பற்றிய கவலையில் இதையெல்லாம் பார்க்கவே இல்லை.

அன்பரசனிடம் சொன்னேன். மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அக்கா" என்று நாலு தடவை சொன்னார். அண்ணியிடம் உண்மையைச் சொல்வது யார் என்று கேட்டபோது மட்டும், ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துப் போயிருந்தது.

முதலில் நானும் சுற்றி வளைத்துத்தான் பார்த்தேன். மத்தியானம் அண்ணி முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வியாழக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் கேள்விப்பட்டேன்."

"அந்த நர்சம்மா வாயி சும்மா இருக்காதா?" என்றார், தலை நிமிராமல். "நான் போவல எழிலு. இருக்கற வரிக்கும் இருக்கறேன்."

"என்னுது வேற, உங்குளுது வேற அண்ணி."

"இன்னா வேற? உனக்கும் கர்ப்பப்ப, எனக்கும் கர்ப்பப்ப. உனக்குப் பாக்க நான் கீறேன். எனக்கு இப்பிடி ஆச்சின்னா ஊர்ல யாரு வந்து குழிய கழுவுவா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒரே பதில்தான் இருந்தது. "எனக்குக் கர்ப்பப்பைய எடுக்கல, அண்ணி" என்றேன்.

பூண்டு உரிக்கிற கை நின்றது. "பின்ன?"

"தோலு. தொங்கிக்கினு இருந்த தோல வெட்டி எடுத்துட்டுத் தெச்சாங்க. கர்ப்பப்ப உள்ளதான் இருக்குது."

"நோவு இருந்துதா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"பாக்க நல்லா இருக்கணும்னு." வளையல் போட்ட கதையையும் சொன்னேன். முட்டையைச் சொன்னேன், தலையணையைச் சொன்னேன், புண் ஆறாததற்குப் பத்தியமும் இறுக்கிக் கட்டினதும் நேராகப் படுத்ததும்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

"அப்ப ஒன் புண்ண நான்தான் ஆறவுடாம வெச்சிருந்தேன்" என்றார்.

"இல்ல அண்ணி, நான் சொல்லாம வுட்டது—"

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சிரிப்பீங்கன்னு பயந்துக்கினேன்."

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். "சிரிச்சிருப்பேன். ஏன் சிரிக்க மாட்டேன்? ஒரு நாளு பூரா சிரிச்சிருப்பேன். அடுத்த நாளு முட்டை அவிச்சிக் குடுத்திருப்பேன்." குரல் உயரவே இல்லை. "ஒன் ஒடம்பு, நீ வெட்டிக்கோ, ஒட்டிக்கோ. எனக்கின்னா? ஆனா நாப்பது நாளா நான் ஒன் பக்கத்துல படுத்துக்கினு, ஒவ்வொரு ராத்திரியும் நம்பளுக்கும் இப்பிடித்தான் ஆவும்னு பயந்துக்கினு கெடந்தேனே. அதுக்கு இன்னா சொல்ற?"

அண்ணி எழுந்து, உரித்த பூண்டை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தார். உலையை இறக்கி வைத்தார். ஒயர் கூடையில் தன் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் வாசல் வரைக்கும் குனிந்தபடியே போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்பரசன் ஊருக்குப் போய் வந்தார். அக்கா சோறு போட்டதாம், தண்ணீர் மொண்டு கொடுத்ததாம், வாய் திறந்து பேசவில்லையாம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகுமா போகாதா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நாலு நாளும் என் புண்ணைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பருப்பும் முட்டையும் நானே செய்து சாப்பிட்டேன், தலையணையை மடித்து வைத்துப் படுத்தேன். எல்லாம் வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜோதியம்மாள் வந்ததும் கையுறைகூடப் போடாமல், "அட்மிட் ஆயிடுச்சி" என்றார். "பக்கத்து வூட்டு வள்ளின்னு ஒரு பொம்பளைய இட்டுக்கினு, தானே வந்து கையெழுத்து வெச்சிருக்குது. உங்களுக்குச் சொல்ல வேணாம்னு சொல்லிச்சாம்." நான் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அவர் முடிகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு கட்டைப் பிரித்தார். குழி ஒரு விரல் அளவுக்கு வந்திருந்தது.

ரத்தம் ஏற்றி, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. அன்பரசன் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் நான் போனேன். பெண்கள் வார்டில் கடைசிக்கு முந்தின கட்டிலில் அண்ணி படுத்திருந்தார். உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது. வள்ளி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். அண்ணி என்னைப் பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் கால்மாட்டில் நின்றேன்.

பக்கத்துக் கட்டிலில் முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். அவளுக்கு மறுநாள் ஆபரேஷன். புடவை முந்தானையை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். "யாருக்கா இவங்க?" என்று அண்ணியிடம் கேட்டாள்.

"என் தம்பி பொண்டாட்டி" என்றார் அண்ணி. "இவளுக்கும் இதே ஆபரேஷன்தான். தை மாசம் எடுத்தது."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "புண்ணு ஆறிப்போச்சாக்கா? சீழு கீழு வெக்கலியே?"

என் புடவைக்குள் காஸ் துணி ஈரமாக இருந்தது. அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போச்சிம்மா" என்றேன். "ஒண்ணும் ஆவல. பயப்படாத."

அவள் முந்தானையை விட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். தன் வீட்டுக்காரரை வரச் சொல்ல வேண்டும், பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று வேறு பேச்சு பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அவளை ரத்தம் எடுக்கக் கூப்பிட, எழுந்து வார்டு வாசல் பக்கம் போனாள்.

நான் அண்ணியின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, "அண்ணி" என்றேன்.

"உனக்காவ சொல்லல" என்றார், கூரையைப் பார்த்தபடி. "காலையிலேர்ந்து அவ எழுந்து ஓடறதுக்குத்தான் பாத்துக்கினு இருக்கறா. அதுக்காவ சொன்னேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் கையை நீட்டி நின்றுகொண்டிருந்த அந்தப் பெண் எங்களையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதால் அவள் பயந்துவிடுவாள். அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.